மார்கரெட் டீச்சர் வராத பயணம்

கைபேசியில் ஞானசம்பந்தன் என்ற பெயர் மின்னியபோது ஹெப்ரானுக்கு ஆள் யாரென்று பிடிபடவில்லை. பாளையங்கோட்டை வீட்டு வாசலில் நின்று காரின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கைபேசி அவர் மனைவி மார்கரெட்டுடையது. அவள் இறந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. அதை அணைத்துப் பெட்டிக்குள் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. தவறாமல் சார்ஜ் போட்டு வைப்பார், அழைப்பு வந்தால் எடுக்க மாட்டார். அன்று ஏனோ எடுத்துவிட்டார்.

"மேடம், நாங்க சேலத்துலேர்ந்து வந்து சேர்ந்துட்டோம். ஜங்ஷன் பக்கம் லாட்ஜ்ல இருக்கோம். நாளைக்குக் காயல்பட்டினம், குலசை, மணப்பாடு. மறந்துடலையே?"

"மேடம் இல்ல சார். டிரைவர் பேசுதேன்."

"ஓ, ஹெப்ரான் சாரா? மேடம் உங்களைப் பத்திச் சொல்லியிருக்காங்க. காலையில வெயிலுக்கு முன்னாடி கிளம்பிடலாமா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"சரி சார்."

பேசி முடித்தபின் துணியைக் கையில் பிடித்தபடியே வெகுநேரம் நின்றார். திரும்பக் கூப்பிட்டு, வண்டி பழுது என்று சொல்லிவிடலாம். அதற்கும் பேச வேண்டும். பேசுவதைவிட ஓட்டுவது அவருக்கு எப்போதுமே எளிது.

அவர் கல்யாணம் நடந்த கதையே அப்படித்தான். பாளையங்கோட்டையில் ஒரு சின்னத் தனியார் பள்ளியின் வேனை அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். மணப்பாட்டிலிருந்து வந்து மகளிர் விடுதியில் தங்கியிருந்த வரலாற்று டீச்சர் மார்கரெட், பிள்ளைகளுக்குக் காவலாகத் தினமும் முன்சீட்டில் ஏறுவாள். ஏறியதிலிருந்து இறங்கும்வரை பேச்சுதான். பாண்டியர், போர்த்துகீசியர், விடுதிச் சாம்பார், தலைமையாசிரியரின் குடை என்று எதுவும் மிச்சமிருக்காது. அவர் தலையை ஆட்டுவார். ஒரு வருஷம் இப்படியே ஓடி, முழுப்பரீட்சை விடுமுறைக்கு முந்தின நாள், "நாளையிலருந்து வேன்ல சத்தமே இருக்காது" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். மார்கரெட் அதைப் பெண் கேட்டதாகவே எடுத்துக்கொண்டாள். அவர் சி.எஸ்.ஐ., அவள் ரோமன் கத்தோலிக்கம். மணப்பாட்டில் அவள் அப்பா சில வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ரெனிஷா பிறந்து, பேத்தியைப் பார்க்க ஆசை வந்தபின்தான் எல்லாம் சரியானது. அந்த ரெனிஷா இப்போது புருஷனோடு மஸ்கட்டில் இருக்கிறாள்.

கொரோனா வந்த வருஷம் பள்ளியை மூடிவிட்டார்கள். ஒரே நாளில் இருவருக்கும் வேலை போயிற்று. ஹெப்ரான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். மார்கரெட் அப்படி உட்காருகிற ஆள் இல்லை.

"ஒங்களுக்கு ஓட்டத் தெரியும், எனக்குப் பேசத் தெரியும். அப்புறம் என்னத்துக்கு இப்படி இருக்கிய?" என்றாள்.

ஊருக்கு வருகிறவர்கள் நெல்லையப்பரைக் கும்பிட்டு, டவுணில் அல்வா வாங்கி, திருச்செந்தூருக்குப் போய்விட்டுக் கிளம்பிவிடுகிறார்கள், கடலோரத்துப் பழைய ஊர்களை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்பது அவள் கணக்கு. நாளுக்கு ஒரு குடும்பம், ஒரு கார். காயல்பட்டினத்துச் சந்துகள், குலசேகரன்பட்டினத்துப் பழைய துறைமுகம், கடைசியில் அவள் பிறந்த மணப்பாடு. பழைய வெள்ளைக் கார் ஒன்று வாங்கினார்கள். ஒருவர் சொல்லி ஒருவர் என்று ஆள் வரத் தொடங்கியது.

ஊர் வந்ததும் அவள் விருந்தாளிகளோடு இறங்கிப் போவாள். அவர் காரோடு நிற்பார். அத்தனை தடவை போய்வந்தும் காயல்பட்டினத்தில் அவருக்குத் தெரிந்தது ஒரு வேப்பமர நிழலும் பக்கத்து டீக்கடையும்தான்.

ஏப்ரல் மாதம் ஒருநாள் காலையில் சோறு வடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். ஈரலில் கட்டி, எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும் என்றார்கள். மே முடிவதற்குள் அடக்கம் செய்தாயிற்று. ரெனிஷா வந்து, இருந்து, "எங்கூட வந்துருங்கப்பா" என்று அழுதுவிட்டுப் போனாள். அவர் போகவில்லை.

மறுநாள் காலையில் லாட்ஜ் வாசலில் ஞானசம்பந்தனும் அவர் மனைவி கோமதியும் தயாராக நின்றார்கள். அவர் ஓய்வுபெற்ற மின்வாரிய அதிகாரி. முழங்கால் வலிக்காரர். கேட்காமலே முன்கதவைத் திறந்து உட்கார்ந்து, "இடமே பத்தலையே" என்று சீட்டை அடிவரை பின்னால் தள்ளினார். மார்கரெட் குட்டையானவள். அவளுக்கு வாகாக முன்னால் இழுத்துவைத்த சீட் அது. அடியிலிருந்த இரும்புத் தடத்தில் அது உரசி நகர்ந்த சத்தம் ஹெப்ரானின் பல்லைக் கூச வைத்தது.

"மேடம் எங்க, வழியில ஏறுவாங்களா?"

"இன்னைக்கு வரல சார்."

ஞானசம்பந்தனின் முகம் சுருங்கியது. பின்சீட்டிலிருந்து கோமதி, "சரி விடுங்க, அவங்கதான் அப்பவே சொன்னாங்கள்ல" என்றாள். பிறந்தது சேரன்மகாதேவி, வாழ்க்கைப்பட்டுச் சேலத்துக்குப் போனவள். ஊர்க்காற்று பட்டதும் பழைய பேச்சு நாக்கில் ஏறிக்கொண்டிருந்தது. "போன்ல நாந்தான் பேசுனேன். 'அக்கா, ஆகஸ்ட்ல நான் வர முடியாமப் போனாலும் போகும். எங்க வீட்டுக்காரரு கூட்டிட்டுப் போவாரு. அதிகம் பேச மாட்டாரு, ஆனா பைய, அலுங்காம ஓட்டுவாரு'ன்னு சொன்னாங்க அண்ணாச்சி."

"எப்பம்மா சொன்னா?"

"மார்ச்சுல. சிவராத்திரி கழிஞ்சு கொஞ்ச நாள் இருக்கும்."

ஹெப்ரான் வண்டியைக் கிளப்பினார். மார்ச்சில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. குடம் தூக்கினாள், மாவு ஆட்டினாள், வாரத்துக்கு இரண்டு பயணம் வந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள், கேட்டதற்கு வெயில் என்றாள். ஆகஸ்டில் வர முடியாது என்று மார்ச்சிலேயே எதற்காகச் சொல்ல வேண்டும்?

கார் ஆற்றையொட்டிக் கிழக்கே ஓடியது. வாழைத்தோட்டங்கள் முடிந்து ஸ்ரீவைகுண்டம் வந்தது. "இது என்ன கோபுரம்?" என்று ஞானசம்பந்தன் கேட்டார். "பெருமாள் கோயில் சார்." ஆழ்வார்திருநகரி வந்தது. "இது?" "இதுவும் பெருமாள் கோயில் சார்." அவர் பெருமூச்சு விட்டுவிட்டுத் தன் கைபேசியில் தேடிப் படிக்க ஆரம்பித்தார். மார்கரெட் இருந்தால் இந்நேரம் வண்டிக்குள் யாருக்கும் மூச்சுவிட இடமிருந்திருக்காது. ஆறுமுகநேரி உப்பளத்தின் வெள்ளை தெரியத் தொடங்கியபோதும் ஹெப்ரானின் மனம் அந்த மார்ச் மாதத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

காயல்பட்டினத்தில் வழக்கமான வேப்பமரத்தடியில் காரை நிறுத்தினார். மார்கரெட்டின் தோழி ஷம்ஸியாவின் தம்பி முஹ்சின் எதிரே கடை வைத்திருந்தார். ஆண்களை அவர் பழைய பள்ளிவாசலுக்கு அழைத்துப் போவார். பெண்களை மார்கரெட், வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் மட்டுமே நடக்கிற முடுக்குச் சந்துகள் வழியாக ஷம்ஸியா வீட்டுக்குக் கூட்டிப் போவாள். இதெல்லாம் அவளும் அவர்களும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. ஹெப்ரான் ஷம்ஸியாவின் குரலைக் கேட்டிருக்கிறாரே தவிர, அந்த வீட்டுப் படி ஏறியதில்லை.

முஹ்சின் கடையிலிருந்து இறங்கி வந்தார். "என்ன அண்ணாச்சி, ரெம்ப நாளா ஆளையே காணோம்? டீச்சர் வரலையா?"

ஹெப்ரான் அவர் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் ஞானசம்பந்தனும் கோமதியும் நின்றார்கள். இந்த ஊரில் யாருக்கும் தகவல் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அடக்கத்துக்கு உறவுக்காரர்களைக் கூப்பிட்டார்கள், பள்ளியில் கூட வேலை பார்த்தவர்களைக் கூப்பிட்டார்கள். அவள் வாரத்துக்கு இரண்டு நாள் வந்து போன வீட்டை யாருமே நினைக்கவில்லை.

"டீச்சர் இல்ல முஹ்சின். மே மாசம்... தவறிட்டா."

முஹ்சின் நெஞ்சில் கைவைத்து, "இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்" என்று முணுமுணுத்தார். கோமதி, "ஐயோ அண்ணாச்சி" என்று வாயைப் பொத்தினாள். ஞானசம்பந்தன் கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்.

"ராத்தாகிட்ட நீங்கதான் செல்லணும். எனக்கு அந்தத் தெம்பு இல்ல" என்று அந்த ஊர்ப் பேச்சில் சொல்லி, முஹ்சின் அவர் கையைப் பிடித்து அக்கா வீட்டுக்கு அழைத்துப்போனார்.

மூவரையும் முன்னறையில் உட்கார வைத்தார்கள். உள்வாசலில் தொங்கிய திரைக்கு அந்தப் பக்கம் ஷம்ஸியா வந்து நின்றாள். கடைசியில் முஹ்சினேதான் தாழ்ந்த குரலில் இரண்டு வார்த்தை சொன்னார். திரைக்குப் பின்னாலிருந்து விசும்பல் கேட்டது. ஷம்ஸியாவின் மகள் மர்வா வந்து, ஒன்றும் பேசாமல் கோமதியின் கையைப் பிடித்துப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனாள். முஹ்சின், "வாங்க சார், நம்ம பள்ளிவாசல் பக்கம் போயிட்டு வரலாம்" என்று ஞானசம்பந்தனை அழைத்துக்கொண்டு கிளம்பி, வாசல் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுப் போனார்.

"தெரியும் அண்ணாச்சி" என்றாள் ஷம்ஸியா, அழுகை நடுவே. "போன் பண்ணி எடுக்கலன்னதும் எனக்குத் தெரிஞ்சு போச்சு. ரமலானுக்கு முன்னாடி வந்ததுதான் கடைசி. போறப்போ என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, இனிமே பாக்க முடியுமான்னு தெரியல ராத்தான்னு செல்லிட்டுத்தான் போனா."

ஹெப்ரான் நிமிர்ந்தார். "ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

ஷம்ஸியா திருப்பிக் கேட்டாள். "ஒங்களுக்கு எப்போ தெரியும் அண்ணாச்சி?"

"ஏப்ரல்ல. வீட்ல விழுந்தப்பத்தான்."

"அதுவரைக்கும் அவ செல்லவே இல்லையா? அல்லாவே." ஷம்ஸியாவின் குரல் இறங்கிப் போயிற்று. "பின்னால செல்லிருவேன் செல்லிருவேன்னுதான் எங்கிட்டச் செல்லிட்டு இருந்தா."

அதன்பின் அவள் மறைக்கவில்லை. பிப்ரவரியில் ஒருநாள், வந்த பெண்களுக்கு முடுக்குகளைக் காட்டிக்கொண்டிருந்தவள் ஷம்ஸியா வீட்டுக் கிணற்றடியில் குனிந்து வாந்தி எடுத்தாள். ஷம்ஸியா விடாமல் கேட்டாள். தை மாதமே பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தாயிற்று, கை மீறிப் போய்விட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார், வைத்தியத்தால் நாலு மாதம் கூடுதலாகக் கிடைக்கலாம், அதுவும் படுக்கையில்தான் என்று அப்போது சொல்லியிருக்கிறாள்.

"ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போனா?"

"தனியாத்தான். டவுணுக்குத் துணி எடுக்கப் போறேன்னு ஒங்ககிட்டச் செல்லிட்டுப் போனாளாம்."

ஹெப்ரானுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. கீழரத வீதியில் ஜவுளிக்கடை வாசலில் அவரேதான் இறக்கிவிட்டார். கூட வரட்டுமா என்று கேட்டதற்கு, "ஒங்களுக்குக் கடைக்குள்ள நிக்கப் பொறுமை கிடையாது, போங்க" என்றாள். சாயங்காலம் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் ஊதா நிறத்தில் ரவிக்கைத் துணி இருந்தது. பொய் பொய்யாக இருந்துவிடக் கூடாதென்று துணியும் எடுத்து வந்திருக்கிறாள். அதைப் பிரித்துக் காட்டி, நல்லாருக்கா என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார்.

திரை ஒதுங்கியது. ஷம்ஸியாவின் கைதான் தெரிந்தது. உள்ளே ஜன்னலோரமாக ஒரு கட்டில்.

"அதுக்கப்புறம் வந்த நாளெல்லாம் அந்தக் கட்டில்லதான் படுத்திருப்பா அண்ணாச்சி. வந்தவங்களை மர்வா சுத்திக் காட்டுவா. ஒரு மணி நேரம் கண்ணை மூடிக் கிடந்துட்டு, எழும்பி மூஞ்சி கழுவி, பவுடர் போட்டுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே வெளிய வருவா."

ஜன்னல் வழியாக வேப்பமரம் தெரிந்தது. அதன் கீழ் அவருடைய வெள்ளைக் கார் நின்றது. இந்தக் கட்டிலில் அவள் வலியோடு கிடந்தபோது அவர் அங்கேதான் நின்றிருக்கிறார். கண்ணாடி துடைத்துக்கொண்டு. டீ குடித்துக்கொண்டு.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?" கேட்டது ஷம்ஸியாவிடம்தானா என்று அவருக்கே தெரியவில்லை.

"நானும் அதைத்தான் கேட்டேன். வந்தவங்களைத் திருச்செந்தூர்ல எறக்கிவிட்டுட்டு, வெறும் வண்டியில நீங்க ரெண்டு பேரும் ஊருக்குத் திரும்புவீங்களாமே? அந்த ஒரு மணி நேரம் மட்டும் நீங்கதான் பேசுவீங்களாம். டீக்கடைக்காரன் என்ன சொன்னான், நாயி எங்க படுத்துச்சு, வண்டியில என்ன சத்தம் வருதுன்னு ஆத்தோரம் பூரா பேசிக்கிட்டே வருவீங்களாம். 'முப்பது வருஷமா நான் பேசுனேன் ராத்தா, இப்பத்தான் அவரு பேசுதாரு. நோவுன்னு தெரிஞ்சா அதையும் நிறுத்திருவாரு. எனக்கு அதக் கேக்கணும்'னு செல்லிட்டா. நான் என்ன செய்ய?"

மர்வா டீயும் வட்டிலப்பம் என்ற இனிப்பும் கொண்டுவந்து வைத்தாள். ஹெப்ரான் எழுந்துவிட்டார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும் ராத்தா. ஒங்க தம்பிகிட்டயாவது சொல்லிவிட்டிருக்கணும். நான் வெளிய அந்த மரத்தடியிலதான நின்னேன்? கூப்பிடு தூரம். ஊர்ல ஒருத்திக்குத் தெரியும், தாலி கட்டுனவனுக்குத் தெரியாது."

"அண்ணாச்சி, இரிங்கோ. ஒரு வாய் தண்ணியாவது..."

அவர் இறங்கிப் போய்விட்டார்.

விருந்தாளிகள் திரும்பி வந்து ஏறியதும் கார் கிளம்பித் திருச்செந்தூரைத் தாண்டியது. கோமதிக்கு மர்வா எல்லாம் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது, கண் சிவந்திருந்தது. ஞானசம்பந்தன்தான் முதலில் பேசினார்.

"நேத்தே சொல்லியிருக்கலாமே சார். நாங்க உங்களைத் தொந்தரவு பண்ணியிருக்க மாட்டோமே."

"சொல்ல வரல சார்."

"திரும்பிருவோமா அண்ணாச்சி?" என்றாள் கோமதி.

"வேண்டாம்மா. இவ்வளவு தூரம் வந்து மணப்பாடு பாக்காமப் போனா அவளுக்குப் புடிக்காது."

குலசேகரன்பட்டினத்தில் கடற்கரையோரம் நிறுத்தினார். இறங்கி நின்றார்கள். மணலும் அலையும் தவிர அங்கே பார்க்க ஒன்றுமில்லை. மார்கரெட் சொன்னால்தான் அது துறைமுகம். "கப்பல்லாம் வந்து போன எடம்னு சொல்லுவா" என்றார் ஹெப்ரான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "குதிரைகூட வந்துச்சுன்னு சொல்லுவா. அது இங்கனயா காயல்லயான்னு எனக்குச் சரியாத் தெரியல" என்றார். ஞானசம்பந்தன், "பரவாயில்ல சார்" என்று அவர் தோளைத் தொட்டார்.

மணப்பாட்டில் மணல்குன்றின் மேல் சிலுவைக் கோயில் நின்றது. விருந்தாளிகள் இருவரும் தாங்களே மேலே போய்ப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி ஏறிப்போனார்கள். கீழே படகுகள் கிடந்த இடத்தில் மார்கரெட்டின் தம்பி அம்புரோஸ் எஞ்சினைக் கழற்றிவைத்து எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருந்தான். அவரைப் பார்த்ததும் எழுந்தான்.

"அத்தான்! சொல்லாம கொள்ளாம வந்திருக்கிய?"

ஹெப்ரான் படகின் விளிம்பில் உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை. "ஏலே அம்புரோஸ், ஒங்க அக்காவுக்குத் தை மாசமே தெரியுமாம். ஒனக்கும் தெரியுமால?"

அம்புரோஸின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரியாது என்பது விளங்கிவிட்டது. அவர் காயல்பட்டினத்தில் கேட்டதை எல்லாம் சொன்னார். அத்தனை நீளமாக அவர் பேசி அவன் கேட்டதே இல்லை. முதலில் வாயைத் திறந்தபடி கேட்டான். பிறகு கோபம் வந்தது.

"எங்கிட்டச் சொல்லல, ஒங்ககிட்டச் சொல்லல. பெத்த பிள்ளைகிட்டச் சொல்லல. யாரோ ஒரு பொம்பளைகிட்டப் போய்ச் சொல்லியிருக்கா. நம்மள என்னன்னு நெனச்சா அத்தான் அவ?" கையிலிருந்த ஸ்பானரை மணலில் எறிந்தான். "மார்ச்சு கடைசியில இங்கன வந்தாளே, எங்கூட உக்காந்து மீன் தின்னாளே! அப்பக்கூட வாயத் தொறக்கலையே!" அப்படியே குந்தி, எண்ணெய்க் கையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கி அழுதான். ஐம்பது வயது மனிதன்.

ஹெப்ரான் அவன் பக்கத்தில் போய் மணலில் உட்கார்ந்தார். காலையில் ஷம்ஸியாவிடம் தான் கேட்ட அதே கேள்விதான். இப்போது பதில் சொல்கிற இடத்தில் அவர் இருந்தார்.

"அவ செஞ்சது சரிதாம்ல" என்றார் மெதுவாக. "எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்? வாயடைச்சுப் போய் உக்காந்திருப்பேன். ஏப்ரல்ல தெரிஞ்சப்புறம் அதத்தான செஞ்சேன்? ஆறு வாரம் பக்கத்துலயே இருந்தேன். தண்ணி குடுத்தேன், கால் அமுக்கிவிட்டேன். பேச்சு வரலலே. ஏதாவது சொல்லுங்க, ஏதாவது சொல்லுங்கன்னு கேட்டா. ஒண்ணும் வரல. அவளுக்கு என்னைத் தெரியும். அதான் அந்த ரெண்டு மூணு மாசத்தையாவது காப்பாத்தி வச்சுக்கிட்டா."

அம்புரோஸ் எறிந்த ஸ்பானரை எடுத்து மணலைத் தட்டினான். மேலே கோயில் சுவரோரம் ஞானசம்பந்தனும் கோமதியும் கடலைப் பார்த்து நிற்பது தெரிந்தது. அவர்கள் இறங்கி வர அவசரப்படவில்லை.

அதன்பின் மார்கரெட்டின் கைபேசிக்கு வந்த அழைப்புகளை ஹெப்ரான் எடுத்துப் பேசினார். டீச்சர் இறந்துவிட்டாள், இப்போது அந்தப் பயணம் கிடையாது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். கார் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாடகைக்கு ஓடியது. காயல்பட்டினத்துக்குப் போகவில்லை. முஹ்சின் இரண்டு தடவை கூப்பிட்டார். நல்லா இருக்கேன் என்று சொல்லி ஹெப்ரான் வைத்துவிட்டார். அன்று தொடாமல் விட்டுவந்த டீ ஞாபகம் வரும்போதெல்லாம் கூச்சமாக இருந்தது. போய் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

டிசம்பரில் அந்த மழை வந்தது. தாமிரபரணி கரை தாண்டி ஓடியது. ஜங்ஷனுக்குள்ளேயே தண்ணீர் வந்தது. ஆற்றோரம் கிழக்கே போகிற சாலை பல இடங்களில் அறுந்து, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோயிற்று. காயல்பட்டினம் தண்ணீருக்குள் கிடப்பதாகச் செய்தி வந்தது. ஹெப்ரான் முஹ்சினுக்கும் ஷம்ஸியா வீட்டுக்கும் மாறிமாறிக் கூப்பிட்டார். மணி அடிக்கவே இல்லை. வண்டி போகலாம் என்று தெரிந்த அன்று விடியற்காலையிலேயே ரொட்டி, பால்பவுடர், மெழுகுவத்தி, குடிதண்ணீர்க் கேன்கள் என்று காரில் கொள்ளுமட்டும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். வாழைத்தோட்டங்கள் சேற்றில் படுத்துக்கிடந்தன. சாலை இருந்த இடங்களில் ஜல்லிதான் மிச்சமிருந்தது. ஒரு மணி நேர வழிக்கு உச்சிவெயில் ஆகிவிட்டது.

ஷம்ஸியாவின் வீடு இருந்த தெருவில் வீட்டுச் சாமான்கள் எல்லாம் வெளியே கிடந்தன. மெத்தை, பீரோ, பிள்ளைகளின் பாடப்புத்தகம், அரிசி. முஹ்சின் முழங்கால்வரை சேறோடு வந்து கட்டிக்கொண்டார். எல்லோரும் மாடியில் இருந்ததால் உயிருக்கு ஒன்றுமில்லை என்றார். ஹெப்ரான் கேன்களை இறக்கிவிட்டுக் கால்சட்டையை மடித்துக்கொண்டு உள்ளே போனார். முன்னறையிலிருந்து சேற்றை வாரி வாரி மர்வா வாளியில் நிறைக்க, அவரும் முஹ்சினும் தூக்கிப் போய்த் தெருவில் கொட்டினார்கள். பொழுது சாயும்வரை இதே வேலை. ஷம்ஸியா எங்கிருந்தோ அடுப்பு பிடித்து, எல்லோருக்கும் பாலில்லாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாள்.

ஹெப்ரான் வாசற்படியில் உட்கார்ந்து அதைக் குடித்தார். ஷம்ஸியா வாசலுக்கு உள்ளே சுவரில் சாய்ந்து நின்றாள்.

"அண்ணாச்சி, அன்னைக்கே கேக்கணும்னு நெனச்சேன். நீங்க எழும்பிப் போயிட்டீங்க" என்றாள். "கடைசியில ரெம்பக் கஷ்டப்பட்டாளா?"

எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் அவர் சொன்ன பதில், இல்லை, அமைதியாகப் போய்விட்டாள் என்பதுதான். ரெனிஷாவுக்கும் அதையேதான் சொன்னார்.

"ஆமா ராத்தா" என்றார். "ரொம்பக் கஷ்டப்பட்டா."

பிறகு சொன்னார். மருந்துக்கு அடங்காத வலியைச் சொன்னார். மல்லாந்து படுக்க முடியாமல் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே அவள் தூங்கியதைச் சொன்னார். எலுமிச்சம்பழ வாசனை வேண்டும் என்று கேட்டு அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்ததை, கடைசி நாள் காலையில் ஆளைத் தெரியாமல், வேனுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்திருக்கப் பார்த்ததைச் சொன்னார். ஷம்ஸியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். மர்வா வாளியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

தெருமுனையில் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. வீடுகளிலிருந்து ஆட்கள் குடங்களோடு ஓடத் தொடங்கினார்கள். ஷம்ஸியா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் இரண்டு குடங்களை எடுத்து வந்து கொடுத்தாள். ஹெப்ரான் அவற்றை வாங்கிக்கொண்டு, சேற்றில் வழுக்காமல் பைய நடந்து வரிசையில் போய் நின்றார்.